நகம் தட்டிய இடம்

காலை எட்டரை மணிக்கு இன்ஸ்பெக்டர் 'மிளகாய்' அந்தப் பட்டறைக்குள் நுழைந்தபோது, செத்துக் கிடந்தவரைச் சுற்றி ஏழெட்டு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க என்ன சினிமாவா ஓடுது? வெளிய போங்க எல்லாரும்!"

ஒரே அதட்டல்தான், பட்டறை காலி. இன்ஸ்பெக்டருக்கு மிளகாய் என்று பட்டப்பெயர் வைத்தவன் யாரென்று ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாது. ஆனால் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். கோபம் அவளுக்கு மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெற்றவளிலிருந்து மேலதிகாரி வரை எல்லாரும் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்கள். "புத்தி மட்டா இருக்கறவனுக்கு ஆத்திரமே வராது, போங்க" என்பாள்.

செத்தவர் பட்டறையின் சொந்தக்காரர். புகையிலை பிடிக்கும் மர பைப்பைக் கையாலேயே செய்கிறவர். தன் வேலை மேசைக்குக் கீழே, மரத்தூளில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை விரல்களுக்கு நடுவே ஒரு பைப். கிண்ணம் வெளிறிய மஞ்சள் நிறம், அதில் பாதி எரிந்த புகையிலை. வாய்க்குழலின் நுனியில் ஆழமாக ஒரு பல் தடம். அவருடைய முன்பற்களில் ஒன்று உடைந்திருந்தது, தடமும் அதே மாதிரி கோணலாக இருந்தது. அவர் கடித்த குழல்தான், சந்தேகமே இல்லை.

மிளகாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். சடலத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் மரத்தூள் கருகிக் கறுத்திருந்தது. மேசை ஓரத்துத் தூளில் ஏதோ பாத்திரம் வைத்து எடுத்த தடம் இருந்தது. வட்டமாக இல்லை, பட்டை பட்டையாக எட்டு மூலை. பட்டறையில் இருந்த டம்ளர் இரண்டும் வட்ட டம்ளர்.

"ஏட்டய்யா, இதை எல்லாம் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. இந்தத் தூள் மேல எவனாவது மூச்சு விட்டான்னா தொலைச்சிடுவேன்."

"சரி மேடம்" என்ற ஏட்டு, முன்னெச்சரிக்கையாகத் தன் மூச்சையே பிடித்துக்கொண்டார்.

போலீஸ் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி எழுந்தார்.

"அரளி விஷம் மாதிரிதான் தெரியுது. அறுத்துப் பாத்துட்டு உறுதியா சொல்றேன்."

"எப்ப நடந்தது?"

"விஷம் நேத்து சாயங்காலமே உள்ள போயிருக்கு. உயிர் விடியற நேரத்துலதான் போயிருக்கு."

"அப்ப ராத்திரி பூரா?"

"இப்படியேதான் கிடந்திருக்கார்."

"யாராவது பாத்துத் தூக்கிட்டு வந்திருந்தா?"

டாக்டர் பையை மூடினார். "பொழைச்சிருப்பார்னுதான் நினைக்கிறேன்."

மிளகாய்க்குக் காது மடல் சிவந்தது. அது நல்ல சகுனம் இல்லை என்று ஏட்டுக்குத் தெரியும். இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

பட்டறையின் மறுமூலையில் அழுகையும் வசவும் ஒன்றாகக் கேட்டது. அழுதது செத்தவரின் மனைவி. காலையில் கதவைத் தள்ளிப் பார்த்து முதலில் அலறியது அவள்தான். வசவு வாங்கியது செத்தவரின் தங்கச்சி, அதே பட்டறையில் பைப் செய்கிறவள்.

"கொன்னுட்டாளே! கூடப் பொறந்தவனை அரளிக் கட்டையில பைப் செஞ்சு கொடுத்துக் கொன்னுட்டாளே! நேத்து நீதானடி கத்தினே, நீ செத்தாத்தான் என் மரத்துக்கு விடிவு காலம்னு? தெருவே கேட்டுச்சே! இப்ப விடிஞ்சுதா? சொல்லு, விடிஞ்சுதா?"

தங்கச்சி தன் மேசைமேல் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அழாத பொம்பளையை உலகம் சும்மா விடுமா? வாசலில் எட்டிப் பார்த்தவர்கள் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

மேலதிகாரியும் அப்படித்தான். போன் பண்ணி, "பொம்பளைங்க சண்டை, மர விஷம், முடிஞ்சுபோச்சு. சாயங்காலத்துக்குள்ள அந்தத் தங்கச்சியைக் கோர்ட்ல நிறுத்திடுங்க" என்றார்.

"செத்தது ஆம்பளை சார். இது எப்படிப் பொம்பளைங்க சண்டை ஆகும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மிளகாய் போனை வைத்துவிட்டாள்.

தங்கச்சியைத் தனியாக உட்கார வைத்தாள்.

"அந்தக் கிண்ணம் நீ செஞ்சதுதானே?"

"ஆமா."

"அரளின்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா? அண்ணியோட அண்ணன், அதான் எங்க பைப்பை எல்லாம் விக்கிற கடைக்காரர், ஏதோ புது மரம்னு ஒரு கட்டையைக் கொண்டாந்து கொடுத்தார். கடைஞ்சு துளை போடறதுக்குள்ள கண்ணு எரிஞ்சுது, தலை சுத்துச்சு. விசாரிச்சா அரளி. அந்த ஆளை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். வாய்க்குழல்கூடச் செய்யாம, கிண்ணத்து மேல சிவப்புப் பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் கழிவுப் பெட்டியில எறிஞ்சேன்."

"அடுப்புல போட்டிருக்கலாமே?"

"அரளியை எரிச்சா அந்தப் புகையும் விஷம் மேடம். அண்ணன், அண்ணி, கடைக்காரர், மூணு பேர்கிட்டயும் சொல்லித்தான் வச்சிருந்தேன், அதைத் தொடாதீங்கன்னு."

"இப்ப அதுல குறியும் இல்ல. குழலும் இருக்கு."

"அதைத்தான் நானும் கேக்கறேன். என் கையில கொடுங்க, பாத்துச் சொல்றேன்னா ஒருத்தரும் கொடுக்க மாட்டேங்கறாங்க."

"குற்றவாளின்னு சொல்றவ கையிலயே தடயத்தைக் கொடுப்பாங்களா? சரி, அண்ணனுக்கும் உனக்கும் என்ன சண்டை?"

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"பைப்புன்னா பிரையர்ங்கற வெளிநாட்டுச் செடியோட வேர்ல செய்யறதுதான் பைப்பாம். அண்ணன் வேற மரத்தைத் தொட மாட்டான். நான் ஆலிவ்ல செய்யறேன், செர்ரியில செய்யறேன், பேரிக்காய் மரத்துல செய்யறேன். எல்லாம் சூடு தாங்கற மரம், வாயில கெட்ட ருசி ஏத்தாத மரம். ஒவ்வொண்ணையும் நானே குடிச்சுப் பாத்துச் சோதிச்சுத்தான் வெளிய விடறேன். அவன் என்ன சொல்வான் தெரியுமா? 'பிரையர் இல்லாதது பைப் இல்ல, அடுப்பூதற குழல்'னுவான். எல்லார் முன்னாடியும்! போன வருஷம் பேரிக்காய் மரத்துல செஞ்ச ஒண்ணை அவன் மேலேயே விட்டெறிஞ்சேன். 'குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசு'ன்னேன். 'அடுப்பெரிக்க ஆச்சு'ன்னு பையில போட்டுக்கிட்டுப் போனான். எரிச்சிருப்பான்."

"நேத்து எதுக்குக் கத்தினே?"

"கடைக்காரர் வந்தார். 'உன் மரம் ஒண்ணுகூட விக்கலம்மா, உங்க அண்ணன் வேற அதையெல்லாம் கடையில வைக்காதேங்கறார்'னார். கத்தாம என்ன செய்வேன்? கத்தினேன்தான். செத்துப்போன்னேன்தான். நான் சொன்னா செத்துடுவானா மேடம்? நான் சொன்ன எதை அவன் கேட்டிருக்கான்?"

சொல்லும்போது குரல் லேசாகப் பிசிறியது. உடனே பல்லைக் கடித்துக்கொண்டாள். மிளகாய் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்தாள்.

மனைவி, மெருகு போடும் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுதபடியே, முந்தின நாள் பாதியில் விட்ட ஒரு பைப்பைக் கையில் எடுத்து, கிண்ணமும் குழலும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறீங்க?"

மனைவி திடுக்கிட்டுப் பைப்பைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமில்ல மேடம். பழக்கம். மெழுகு போடறது என் வேலை. நகம் தட்டினா அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுவேன்."

மிளகாய் அதை வாங்கித் தன் நகத்தை ஓட்டினாள். கண்ணாடியில் ஓடுவது போல ஓடியது. ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

"ராத்திரி புருஷன் வீட்டுக்கு வரல. நீங்க வந்து பாக்கலையா?"

"கோபம் வந்தா அவர் இங்கயேதான் படுத்துக்குவார்."

"யார் மேல கோபம்?"

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "தங்கச்சி மேலதான்" என்றாள் கடைசியில்.

பொய். ஆனால் என்ன பொய் என்று மிளகாய்க்கு அப்போது தெரியவில்லை.

பதினோரு மணி. கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே புகையிலை வாசனை, அலமாரி அலமாரியாகப் பைப்புகள். கடைக்காரருக்குத் தேனொழுகும் வாய்.

"வாங்க மேடம், உக்காருங்க. மச்சான் போனதுலேருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஆனா வாடிக்கையாளர் வர்றாங்களே, என்ன செய்ய?"

ஓடாத கையால்தான் அப்போது வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கிழவர் தன் பைப்பின் வாய்க்குழல் உடைந்துவிட்டதென்று கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் குழல்களைக் கிளறினார். ஒன்றை எடுத்துச் செருகினார், ஒரு திருகு திருகினார்.

"இந்தாங்க. கிண்ணம் ஒரு பக்கம் குழல் ஒரு பக்கம் போனாலும் கவலையே வேண்டாம். எதுல எதை வேணா மாட்டிக்கலாம்."

கிழவரின் பைப் தொழிற்சாலையில் செய்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

"கையில என்ன கட்டு?" என்றாள் மிளகாய். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"கெட்டில் சுட்டுடுச்சு மேடம்."

"நேத்து சாயங்காலம் பட்டறைக்குப் போனீங்களா?"

"மத்தியானம் ஒரு நடை போய் அந்தப் பொண்ணைப் பாத்தேன், அவ்வளவுதான். சாயங்காலம் கடையை விட்டே நகரல."

"மச்சானோட ஏதாவது தகராறு?"

"சேச்சே! அவர் எனக்குக் கூடப் பொறக்காத பொறப்பு. அந்தப் பொண்ணுதான் மேடம்... சொல்லக் கூடாது. அவ மரத்துச் சாமானை ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. பாவம்னு நான் வாங்கி வச்சுக்கறேன். அந்த வயித்தெரிச்சல் எல்லாம் அண்ணன் மேல திரும்பிடுச்சு."

மேல் தட்டில் கரும்பழுப்பு நிறத்தில் வரிசையாகப் பைப்புகள் பளபளத்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் செத்தவரின் முத்திரை. மிளகாய் ஒன்றை எடுத்தாள்.

"பிரையரா?"

"சுத்தப் பிரையர்! மச்சான் கைவேலை. இதுக்குன்னே வெளியூர்லேருந்தெல்லாம் வர்றாங்க. போட்டி போட்டுக்கிட்டு வாங்கறாங்க."

வெயிலில் நடந்து வந்ததில் அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. பைப்பைத் திருப்பி வைத்தபோது விரல் நுனியில் பழுப்புச் சாயம் ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாய் காபி சாப்பிடுங்க மேடம்" என்று கடைக்காரர் பிளாஸ்க்கைத் திறந்தார். அதன் மூடியிலேயே காபியை ஊற்றி நீட்டினார். ஸ்டீல் மூடி. எட்டுப் பட்டை.

மிளகாய் அந்த மூடியை ஒரு நொடி பார்த்தாள். "நான் காபி குடிக்கறதில்ல" என்றாள். அவள் தினம் குடிக்கும் காபிக்கு ஏட்டு சாட்சி. அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பட்டறைக்கு வந்துபோகிற எல்லாரிடமும் எடுப்பதுபோல, கட்டுப் போட்ட விரலை விட்டுக் கடைக்காரரின் மற்ற விரல் ரேகைகளை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஏட்டு கேட்டார், "மேடம், இவனை அள்ளிக்கிட்டுப் போயிடலாமா?"

"எதை வச்சு? எட்டுப் பட்டை மூடி ஊர்ல ஆயிரம் இருக்கும். மடியில கனம் இருக்குன்னு தெரியுது. என்ன கனம்னு தெரிய வேண்டாமா?"

மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டர் போன் பண்ணினார். விஷம் அரளிதான். ஆனால் நுரையீரலில் இல்லை, வயிற்றில். காபியோடு போயிருக்கிறது.

மிளகாய் மேலதிகாரி அறைக்கு ஓடினாள். "சார், புகையில சாகல. பைப் வெறும் ஜோடனை."

மேலதிகாரி தலையைத் தூக்கவில்லை. "அப்ப காபியில கலந்து கொடுத்திருக்கா. அவதானே கத்தினா? அஞ்சு மணிக்கு கோர்ட்."

"காபியில கொடுத்துக் கொன்னவ, தான் செஞ்ச அரளிக் கிண்ணத்தைத் தானே எடுத்து அண்ணன் கையில வச்சு, 'நான்தான் கொன்னேன்'னு விளம்பரம் பண்ணுவாளா சார்?"

"கோபத்துல இருக்கற பொம்பளை என்ன வேணா செய்வா."

"ஆமா சார். செய்வா" என்றாள் மிளகாய், மேலதிகாரியின் மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி. அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தன் இடத்துக்கு வந்து, ரேகை எடுத்து முடித்திருந்த அந்தப் பைப்பை உறையிலிருந்து எடுத்தாள். ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது. எதையாவது திருகி எறிய வேண்டும் போல இருந்தது. கட்டைவிரலால் பைப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

நகம் தட்டியது.

கையை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டினாள். தட்டியது. கிண்ணத்தின் கழுத்தைவிட வாய்க்குழல் ஒரு மயிரிழை பருமன். சுற்றிலும் மெல்லிய படி.

"ஏட்டய்யா! வண்டியை எடுங்க!"

பட்டறையில் தங்கச்சியின் மேசைக்கு அடியில் கழிவுப் பெட்டி இருந்தது. விரிசல் விட்டது, துளை கோணலாகப் போனது, கணு தெரிந்தது என்று பெட்டி நிறைய கிண்ணங்கள். ஒன்றுக்கும் குழல் இல்லை. மிளகாய் தரையில் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லாம் புகையிலையே காணாத புது மரம். அடியில் கிடந்த ஒன்று மட்டும் உள்ளே அட்டைக் கறுப்பு. வெறும் கறுப்பு இல்லை, தடித்த கரிப் படலம். விளிம்பில், கரிமேல் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை.

அதைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மனைவியிடம் போனாள்.

"நேத்து உங்க புருஷன் யார்கிட்ட சண்டை போட்டார்? இந்தத் தடவை மூக்கைத் துடைக்காம சொல்லணும்."

மனைவி முந்தானையைக் கீழே விட்டாள். "எங்க அண்ணன்கிட்ட. யாரோ ஒருத்தர் ரிப்பேருக்குன்னு இவர் முத்திரை போட்ட பைப்பைக் கொண்டாந்தார். இவர் அதைக் கையில வாங்கினதும் முகமே மாறிப்போச்சு. கடைக்குப் போய்க் கத்திட்டு வந்தார். 'உங்கண்ணன் திருடன்'னார். நான் விட்டுக் கொடுக்க முடியுமா? நானும் கத்தினேன். அந்தக் கோபத்துலதான் அவர் இங்க வந்து உக்காந்தார். அந்தக் கோபத்துலதான் நானும் வந்து பாக்கல."

நாலு மணி. பட்டறை மேசையைச் சுற்றி மூன்று பேர். தங்கச்சி, மனைவி, கடைக்காரர். வாசலை அடைத்துக்கொண்டு ஏட்டு. மேலதிகாரியும் வந்திருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

மிளகாய் அரளிப் பைப்பைக் கடைக்காரரிடம் நீட்டினாள். "ரேகை எல்லாம் எடுத்தாச்சு, தைரியமா தொடலாம். நீங்க பைப் விக்கறவர். இதுல என்ன கோளாறுன்னு சொல்லுங்க."

கடைக்காரர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கிண்ணம் அரளி. அதான் கோளாறு. மத்தபடி நல்ல வேலைப்பாடுதான்."

"நீங்க?" என்று மனைவியிடம் கொடுத்தாள்.

மனைவி கண்ணால்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நகம் தானாக ஓடியது. நின்றது. "இது... இது இந்தக் கிண்ணத்துக் குழல் இல்லையே."

"எப்படிச் சொல்றீங்க?"

"நகம் தட்டுதே. கையால செய்யறதுல குழலை மாட்டின பிறகு ரெண்டையும் சேத்துத்தான் தேய்ப்பாங்க. துளை எல்லாம் ஒரே அளவுதான், உள்ள போயிடும். ஆனா வெளிப்பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. ஒண்ணோட குழல் இன்னொண்ணுக்குச் சேரவே சேராது."

"கேட்டீங்களா?" மிளகாயின் குரல் ஏறியது. "கொன்னவன் கழிவுப் பெட்டியிலேருந்து அரளிக் கிண்ணத்தை எடுத்து, குறியைத் தேய்ச்சு அழிச்சான். ஆனா அதுக்குக் குழல் இல்ல. செத்தவர் கடிச்ச தடம் இருக்கற குழலை மாட்டினா எவன் சந்தேகப்படப் போறான்னு, அவர் அப்பக் குடிச்சுக்கிட்டிருந்த பைப்போட குழலையே புடுங்கி இதுல செருகினான். இந்தப் பட்டறையில வேலை செய்யறவங்க தூக்கத்துலகூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க. தங்கச்சி செய்யறவ. அண்ணி மெருகு போடறவங்க. ரெண்டு பேருக்கும் விரல்லயே கண்ணு. எதுல எதை வேணா மாட்டிக்கலாம்னு காலையில என் முன்னாடியே மாட்டிக் காட்டினது யாரு?"

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். "நல்லாயிருக்கே மேடம். ஒரு மயிரிழையை வச்சு..."

"மயிரிழை மட்டுமா? இந்தாங்க." உறைக்குள் இருந்த கரி படிந்த கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். "அவர் மயங்கி விழுந்தப்ப கையிலேருந்து பைப்பும் விழுந்துச்சு. தூள் கருக ஆரம்பிச்சுது. பட்டறை பத்திக்கிட்டா ஊரே கூடிடும்னு நீங்க அதை அள்ளினீங்க. எரியற புகையிலையைக் கட்டைவிரலால நோண்டி அரளிக் கிண்ணத்துக்கு மாத்தினீங்க. பைப் குடிக்கறவன் எவனும் விரலை உள்ள விடமாட்டான், அதுக்குன்னு குச்சி இருக்கு. நீங்க விக்க மட்டும் தெரிஞ்சவர். விரல் வெந்துபோச்சு. கெட்டில் சுடலை, மச்சானோட பைப் சுட்டது. காலி கிண்ணத்தைக் கழிவுப் பெட்டியில கிண்ணத்தோட கிண்ணமா ஒளிச்சீங்க. வலது கையால நோண்டறப்ப இடது கையாலதானே பிடிச்சீங்க, அதோட விளிம்புல உங்க இடது கட்டைவிரல் ரேகை இருக்கு. காலையில உங்க கடையில எடுத்த ரேகையோட ஒத்துப் பாத்தாச்சு. சாயங்காலம் கடையை விட்டே நகராத மனுஷன் ரேகை இங்க எப்படி வந்துச்சு? உங்க பிளாஸ்க் மூடித் தடம் இந்த மேசையில எப்படி வந்துச்சு?"

மேலதிகாரி கைக்கடிகாரத்தை மறந்து நிமிர்ந்தார். "எதுக்காக?"

"இதுக்காக சார்." மிளகாய் கைக்குட்டையை விரித்தாள். பழுப்புச் சாயம். "சுத்தப் பிரையர்னு இவர் காட்டின பைப்புலேருந்து ஒட்டின சாயம். இந்தப் பொண்ணோட வேற மரத்துப் பைப் ஒண்ணுகூட விக்கலன்னு இவர் அவகிட்ட அழுதார். வித்துச்சு சார், சக்கைப்போடு போட்டுச்சு! சாயம் பூசி, அவங்க அண்ணன் முத்திரை குத்தி, பிரையர்னு வித்தார். போட்டி போட்டுக்கிட்டு வாங்கறாங்கன்னு என்கிட்டயே பெருமை அடிச்சார். ஜனங்க போட்டி போட்டது இவ கைவேலைக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டு, அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல கோள் வேற. ரிப்பேருக்கு வந்த பைப்பைத் தொட்டதுமே அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு, இது தன் கைவேலை இல்ல, தங்கச்சி கைவேலைன்னு. 'நாளைக்கே அவகிட்ட சொல்லப் போறேன்'னார். இல்லையா? சமாதானம் பேச வர்றேன்னு நீங்க காபி கொண்டாந்தீங்க."

கடைக்காரரின் தேன்வாய் வற்றிப்போயிருந்தது. நாற்காலியில் சரிந்து, செத்தவரின் மனைவியான தன் தங்கச்சியைப் பார்த்தார். "ஊர் முன்னாடி என்னைத் திருடன்னு நிறுத்தறேன்னார்... தங்கச்சியே, உனக்காகவும்தாம்மா..."

மனைவி எழுந்தாள். ஒரே அறை. பட்டறை முழுக்கக் கேட்டது.

"எனக்காகவா? விடியற வரைக்கும் உயிரோட கிடந்தாராம்டா! ரெண்டு தெரு தள்ளி நீ தூங்கினே. உனக்காக அவரோட சண்டை போட்டுட்டு நானும் தூங்கினேன்டா, பாவி!"

ஏட்டு கடைக்காரரின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தார், மிளகாய் கண்டுகொள்ளவில்லை. மேலதிகாரி தொண்டையைக் கனைத்து, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார். அவளுடைய காது மடல் சிவப்பதைப் பார்த்ததும் வண்டியில் போய் ஏறிக்கொண்டார்.

மனைவி தங்கச்சியின் முன்னால் வந்து நின்றாள். கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். தங்கச்சி அவளைப் பார்க்கவே இல்லை. அவள் கண் மேசைமேல் இருந்த கிண்ணத்தில் நிலைத்திருந்தது.

"அது நான் செஞ்சது" என்றாள். "பேரிக்காய் மரம். அவன் மேல விட்டெறிஞ்சேனே, அது."

"தெரியும்" என்றாள் மிளகாய்.

"அடுப்புல போடறேன்னானே."

மிளகாய் உறையோடு அதை அவள் பக்கம் தள்ளினாள். தங்கச்சி தொடாமல் குனிந்து உள்ளே பார்த்தாள். கரிப் படலம் ஒரே சீராக, தடிப்பாக ஏறியிருந்தது.

"இவ்வளவு கரி ஏறணும்னா எத்தனை நாள் குடிக்கணும்?" என்று கேட்டாள் மிளகாய்.

"தினம் குடிக்கணும். ஆறப் போட்டு, துடைச்சு, மறுபடியும் தினம் குடிக்கணும். பிடிச்சாத்தான் ஒருத்தன் ஒரு பைப்பை இப்படி வச்சுக்குவான்." சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. "ஒரு வருஷமா குடிச்சிருக்கான்! எனக்குத் தெரியாம! எல்லார் முன்னாடியும் அடுப்பூதற குழல்னு சொல்லிட்டு, ஒளிச்சு வச்சுக் குடிச்சிருக்கான்!"

உள்ளங்கையால் மேசையை ஓங்கி அடித்தாள். உளிகள் துள்ளி விழுந்தன.

"ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்தா உதிர்ந்துடும்? நல்லாயிருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை! ஏன்டா சொல்லல? நான் உன்னைச் செத்துப்போன்னு கத்தினேனேடா! அதைக் கேட்டுட்டா போனே? ஏன்டா சொல்லாம போனே?"

அப்போதுதான் அவள் அழுதாள். அண்ணி வந்து பிடித்துக்கொண்டாள். அவளுடைய கையைத் தங்கச்சி ஒருமுறை உதறினாள். இரண்டாம் முறை உதறவில்லை.

மிளகாய் கிண்ணத்தை எடுத்துப் பையில் போட்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"கேஸ் முடிஞ்சதும் ஸ்டேஷனுக்கு வா. கிண்ணத்தையும் குழலையும் சேத்தே கொடுக்கறேன். மாட்டறது உன் வேலை."

வண்டியில் ஏறியதும் ஏட்டு மெதுவாகக் கேட்டார், "காபி சொல்லட்டுமா மேடம்?"

"வேண்டாம்" என்றாள். மடியில் இருந்த உறையின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.